அண்ணியின் அடுப்புக்கு நான் வைத்த பெயர்

தாம்பரம் ரயில் நிலையத்தில் இறங்கியதும் நான் செய்த முதல் வேலை, தோளில் கிடந்த கம்பளியை மடித்துப் பைக்குள் திணித்ததுதான். காலைச் சாப்பாட்டு நேரத்திலேயே வெயில் நடுப்பகல் போல் அடித்தது. எங்கள் மலைநாட்டில் அந்நேரத்துக்குப் பனியே விலகியிருக்காது; கொழுந்து பறிக்கப் போகிறவர்கள் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு நடப்பார்கள். இங்கே சுமைதூக்குகிறவர்கள் சட்டையே இல்லாமல் நின்றார்கள்.

சேலையூருக்கு சைக்கிள் ரிக்‌ஷா பேசினேன். எழுத்து எழுத்தாக உச்சரித்து நான் வழி கேட்டதைக் கவனித்த ரிக்‌ஷாக்காரர், பக்கத்து ரிக்‌ஷாக்காரரிடம் சொன்னார்: "டேய், ரேடியோப் பொட்டி பேசறா மாதிரியே கீதுடா."

அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன். அப்படி எடுத்துக்கொள்ளும் பழக்கம் எனக்கு உண்டு. இலங்கையில் எங்கள் தேயிலைத் தோட்டத்து வரிசைவீடுகளான லயத்தில் பள்ளிக்கூடம் போய்ப் பெரிய பரீட்சைவரை எழுதியவள் நான் ஒருத்திதான். அப்பாவும் அம்மாவும் கைநாட்டு வைப்பவர்கள். நான் தோட்டத்துப் பள்ளியில் சின்ன வகுப்புகளுக்குக் கணக்கும் சுகாதாரமும் சொல்லிக்கொடுக்கிறேன். கல்வி இருக்கிறது என்பதை எதிரில் இருப்பவர் மறந்துவிடாமல் பார்த்துக்கொள்வேன்.

அண்ணன் சில வருடங்களுக்கு முன் இந்தியாவுக்கு வந்து, குரோம்பேட்டைப் பக்கம் தோல் ஆலையில் வேலைக்குச் சேர்ந்து, இந்த ஊர்ப் பெண்ணையே கல்யாணமும் செய்துகொண்டான். அண்ணியை எங்கள் வீட்டில் யாரும் பார்த்ததில்லை. "நீ படிச்ச புள்ள, போய்ப் பார்த்துட்டு வந்து சொல்லு" என்று அம்மா என்னை அனுப்பினாள். ஆகஸ்ட் விடுமுறை அதற்குத் தோதாக இருந்தது.

ரயில்வே கேட்டைத் தாண்டியதும் ரிக்‌ஷாவின் சங்கிலி கழன்றது. மாட்டினார், மறுபடி கழன்றது. "பேஜாரு புடிச்ச செயினு. கொஞ்சம் எறங்கி நடம்மா" என்றார். நான் நடந்தேன், என் பெட்டி மட்டும் ரிக்‌ஷாவில் சௌகரியமாக உட்கார்ந்து வந்தது. வழியில் வயல்களை மனைகளாகப் பிரித்து எல்லைக்கல் நட்டிருந்தார்கள். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே எருமைகள் மேய்ந்தன.

அண்ணியின் பெயர் தனகோடி. மாநிறம், உரத்த குரல், எதையும் சுற்றி வளைக்காத பேச்சு. "வா சரோசா! இன்னா இவ்ளோ எளச்சிக்கீற? ஒங்கண்ணன் போட்டோவுல குண்டா காட்டுச்சே!" என்று பெட்டியைப் பிடுங்கிக்கொண்டாள். அவளுடைய அப்பா நிலத்தை விற்றுவிட்டார். வீடும் மாடுகளும் மிச்சம். பாலும், விசேஷ வீடுகளுக்குச் செய்து தரும் பலகாரமும்தான் அவள் வருமானம்.

"ஆடி மாசத்துல எந்த வூட்லயும் கல்யாணம் கெடையாது, நம்ம கையி சொம்மா கெடக்கும்," என்றாள். "இந்த வாட்டி கெடக்காது. சிட்லபாக்கத்துல எஸ்தர் டீச்சர் பொண்ணுக்கு நிச்சயதார்த்தம். வேதக்காரங்களுக்கு ஆடியெல்லாம் இல்ல பாரு. டிபன் பூரா நாந்தான். அவங்க வூட்டுக்கு வர்றதெல்லாம் டீச்சருங்க, ஆபீஸருங்க. ஒரு தபா நம்ம ரவ சோஜ்ஜியத் துன்னாங்கன்னு வையி, அப்பால வருசம் பூரா நம்மள வுட மாட்டாங்க."

சொல்லும்போதே அவள் முகம் பூரித்தது. நானும் சிரித்தேன். பிறகு கை கழுவக் கொல்லைக்குப் போனேன்.

மாட்டுக்கொட்டகையை ஒட்டிக் கிணறு மாதிரி ஒரு குழி. அதற்குள் பெரிய இரும்புப் பீப்பாய் ஒன்று கவிழ்ந்த நிலையில் மிதந்தது. அதன் தலையிலிருந்து ஒரு குழாய் சுவரோடு ஊர்ந்து சமையலறைக்குள் நுழைந்தது. குழிக்குப் பக்கத்தில் ஒரு தொட்டியில் சாணத்தைத் தண்ணீர் விட்டுக் கரைத்து வைத்திருந்தது.

"அது இன்னான்னு பாக்குறியா? சாணி கேஸு," என்று அண்ணி உள்ளேயிருந்தே கத்தினாள். "சாணி உள்ள போவும், கேஸு மேல ஏறும், டிரம்மு தூக்கிக்கும். இந்தத் தெருவுல நம்மகிட்டதான் கீது. வந்து பாரேன்!"

உள்ளே போய்ப் பார்த்தேன். குழாயின் மறுமுனையில் ஓர் அடுப்பு. நீல நிறத்தில் சின்னதாகச் சீறிக்கொண்டு எரிந்தது. அதன்மேல் எனக்கான சோறு கொதித்துக்கொண்டிருந்தது.

எனக்குக் குமட்டியது. எங்கள் லயத்தில் வெட்டிப்போட்ட தேயிலைக் கிளைகளை, மிலாறு என்போம், அவற்றைத்தான் எரிப்போம். சாணத்துக்கும் சோற்றுக்கும் நடுவில் ஒரு குழாய்தான் தூரம் என்பதை மனம் ஏற்கவில்லை. "கப்பல் ஏறி வந்தது வயிற்றைப் புரட்டுது அண்ணி. இப்ப வேண்டாம்," என்றேன். அண்ணி உடனே எலுமிச்சம்பழம் தேடப் போனாள்.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் என் சாப்பாடு தாம்பரம் கடைத்தெருவில்தான். கப்பல், வெயில், தண்ணீர் மாற்றம் என்று வேளைக்கொரு காரணம் சொன்னேன். டீக்கடையில் பன்னும் பொறையும், ஓட்டலில் இட்லியும் வடைகறியும். வடைகறி என்ற ஒன்றை அங்கேதான் முதலில் சாப்பிட்டேன். எங்கள் ஊருக்குக் கொண்டுபோக வேண்டிய பொருள். எங்கள் ஊரில் தேத்தண்ணி என்றால் சாயத் தண்ணீரும் ஒரு துண்டுக் கருப்பட்டியும். இங்கே பாலை ஊற்றி, ஆற்றி, நுரையோடு தருகிறார்கள். உலகத்துக்கே தேயிலை அனுப்பும் ஊரிலிருந்து வந்து, நல்ல தேநீரைத் தாம்பரத்தில் குடித்தேன்.

அண்ணன் பெரும்பாலும் வேலையிலோ தூக்கத்திலோ இருந்தான். அவனிடம் மெதுவாகக் கேட்டேன், அந்தச் சோற்றை எப்படிச் சாப்பிடுகிறாய் என்று. "கையால்தான்," என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்தான்.

தண்ணீர் பிடிக்கத் தெருமுனை அடிபம்புக்கு அண்ணியோடு ஒருநாள் போனேன். மறுநாள் நானாகவே தனியாகப் போனேன். அங்கே பெண்கள் குடங்களை வரிசையில் வைத்துவிட்டு ஊர்க்கதை பேசுவார்கள். வள்ளியம்மா என்ற பருத்த பெண்தான் அங்கே தலைமை.

"இன்னா சிலோனு," என்று அவள் என்னை இழுத்தாள். "அண்ணி வூட்ல கை நனைக்க மாட்டியாமே? கடையில நாஷ்டா துன்றியாமே? நெசமா?"

எல்லாக் கண்களும் என்மேல் இருந்தன. வகுப்பில் நிற்பது போலவே இருந்தது.

"படிச்சவங்க யாராவது சாணிச் சோறு சாப்பிடுவாங்களா?" என்றேன்.

 வெடித்தது சிரிப்பு. வள்ளியம்மா பம்பின் கைப்பிடியை விட்டுவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "சாணிச் சோறு! அய்ய, இன்னாமா பேரு வெச்சிக்கீது பாரு இந்தப் பொண்ணு!"

எனக்கு உச்சி குளிர்ந்தது. அத்தோடு நிறுத்தியிருக்கலாம். சுகாதாரப் பாடம் சொல்லித்தருகிறவள் அல்லவா, மேலே போனேன். சாணத்தில் கிருமிகள் உண்டு. அவை காற்றோடு குழாய் வழியாக வரும். நெருப்பில் கொஞ்சம் சாகும், மிச்சம் சோற்றில் சேரும் என்று விளக்கினேன். எந்தப் புத்தகத்திலும் அப்படிப் போட்டிருக்கவில்லை. நின்ற இடத்தில் எனக்குத் தோன்றியது; தோன்றியதைத் தெளிவான உச்சரிப்பில் சொன்னேன்.

"பட்ச்ச பொண்ணு சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்றாள் ஒருத்தி.

என் குடத்தை அன்று வரிசையில் முன்னால் வைக்கவிட்டார்கள்.

அந்த வாரக் கடைசியில் கடற்கரை பார்க்க மின்சார ரயில் ஏறி மெட்ராஸுக்குப் போனேன். எங்கள் மலை ரயில் மூச்சு வாங்கி மூச்சு வாங்கி ஏறும்; இது நின்றது தெரிவதற்குள் கிளம்பிவிடுகிறது. கடலில் கால் நனைத்தேன், சுண்டல் சாப்பிட்டேன், காற்றில் குடை மடங்கிப் போனது. திரும்பும்போது பெண்கள் பெட்டியில் கூட்டம். என் முதுகுக்குப் பின்னால் கீரைக்கூடையோடு இரண்டு பெண்கள் தரையில் உட்கார்ந்து பேசிக்கொண்டு வந்தார்கள்.

"சேலையூர்ல ஒரு வூடு கீதாம். சாணிச் சோத்து வூடுன்னு பேராம்."

"இன்னாடி சொல்ற! சாணியிலயா சோறு ஆக்குறா?"

"ஆமாங்கறன். அந்த வூட்டுச் சோறு துன்னா வயித்துல பூச்சி வெக்குமாம். சிலோன்ல டாக்டருக்குப் பட்ச்ச பொண்ணு வந்து பாத்துட்டு சொல்லிச்சாம்."

"தூ! அவளாண்டதான் கண்ணாலத்துக்குப் பலகாரம் வாங்குறாங்களாம்மே!"

முகம் கொதித்தது. திரும்பி, 'அந்தப் பெண் டாக்டர் இல்லை' என்று சொல்லியிருக்கலாம்.  அடுத்த நிலையம் வந்ததும் எழுந்து இறங்கிவிட்டேன். வண்டி போன பிறகுதான் அது தாம்பரம் அல்ல, குரோம்பேட்டை என்று தெரிந்தது. பஸ் பிடித்தேன், அது தாம்பரத்துக்கு முன்பே புகை கக்கிக்கொண்டு நின்றுவிட்டது. மீதித் தூரம் நடந்தேன். வழி முழுக்க, அந்த இருவரும் சாணிச் சோறு என்று சொன்ன விதம் காதில் இருந்தது. அவர்கள் என்னைப் போல் வேடிக்கையாகச் சொல்லவில்லை.

வழியில் இன்னொன்றும் கண்ணில் பட்டது. அதுவரை தினம் பார்த்தும் பார்க்காமல் போனது. வள்ளியம்மா வீட்டுச் சுவர் முழுக்க வறட்டி. ஐந்து விரலும் பதிந்த வட்ட வட்டமான சாணம், வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. அவள் வாசலில் உட்கார்ந்து அதில் ஒன்றை உடைத்து அடுப்பில் சொருகினாள். புகை பானையைச் சுற்றி எழுந்தது. "வா சிலோனு, பீச்சு நல்லா இருந்திச்சா?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். அந்தப் பானையில் இருந்ததும் சோறுதான்.

வீட்டு வாசலில் ஒரு குடை சாய்த்து வைத்திருந்தது. எஸ்தர் டீச்சர் வந்திருந்தார். நான் முன்வாசல் வழியாகப் போகாமல் கொல்லைப்பக்கம் சுற்றி வந்து சமையலறைக் கதவோரம் ஒதுங்கினேன்.

"தனகோடி, நீ தப்பா எடுத்துக்கக் கூடாது," என்றார் டீச்சர். மெல்லிய, நல்ல குரல். "எனக்கு ஒண்ணும் அப்ஜெக்ஷன் இல்ல. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க காதுக்கு ஏதோ போயிருக்கு. ஹெல்த் விஷயம்னு சொல்றாங்க. பல்லாவரத்துல ஒரு சமையக்காரரைச் சொல்லிட்டோம்."

"ஆரு இன்னா சொன்னாங்க டீச்சர்?"

"யாரோ படிச்ச பொண்ணு சொன்னதாம்."

டீச்சர் குடையை எடுத்துக்கொண்டு போனார்.  அண்ணி முறத்தில் புடைத்து வைத்திருந்த ரவையை எடுத்துத் திரும்பத் தகர டின்னில் கொட்டினாள். நிச்சயதார்த்தத்துக்கென்று பொறுக்கி வைத்திருந்த ரவை.

"அண்ணி," என்றேன்.

"தெரியும்," என்றாள், திரும்பாமல். "வள்ளியம்மா அன்னிக்கே சொல்லிட்டா. நீ வெச்ச பேரச் சொல்லி என் மூஞ்சியிலயே சிரிச்சா. நானும் சிரிச்சேன். சின்னப் பொண்ணு, வெளாட்டுக்குச் சொல்லிக்கீதுன்னு." டின்னை மூடினாள். "ஒனக்குப் புடிக்கலன்னா என்னாண்ட சொல்றதுக்கு இன்னா? கொமட்டுது அண்ணின்னா நான் வெறகுல ஆக்கிப் போட்டிருக்க மாட்டனா? பம்பாண்ட போய் எதுக்குச் சொன்ன?"

 கேட்டவர்கள் சிரித்தார்கள், அதனால் சொன்னேன் என்பதுதான் பதில். அதை எப்படிச் சொல்வது?

"டீச்சர்கிட்ட நான் போய்ச் சொல்றேன். இந்த அடுப்புல செஞ்சா ஒண்ணும் ஆகாதுன்னு."

அப்போதுதான் அண்ணி திரும்பினாள். "இந்த அடுப்புலயா? அத்தினி பேரு டிபனுக்கு இந்தக் கேஸு எங்கேந்து பத்தும்? வானம் மூட்டமா இருந்தா டிரம்மு எழுந்துக்கவே எழுந்துக்காது, சனியன். பாதிச் சோத்துல அவிஞ்சி பூடும். கொல்லையில கோட்டையடுப்பு மூட்டி, வெறகுலதான் செய்றதா இருந்தேன்."

எனக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. நிச்சயதார்த்தப் பலகாரத்துக்கும் அந்தக் குழாய்க்கும் சம்பந்தமே இல்லை.

"அப்ப அதை டீச்சர்கிட்ட சொல்லியிருக்கலாமே அண்ணி! ஏன் சொல்லல?"

"எப்புடிச் சொல்றது? 'டீச்சர், பயப்படாதீங்க, அதுல ஆக்க மாட்டேன்'னா? அப்ப அது அசிங்கம்னு நானே ஒத்துக்கினா மாதிரி ஆவாது? வெறகுப் பொகையில என் கண்ணு ரெண்டும் புண்ணாட்டம் கெடந்திச்சி. இது வந்தப்பறந்தான் சரோசா நான் அழுவாம சோறு ஆக்குறேன். அத நான் அசிங்கம்னு சொல்லணுமா?"

 சோறு போடச் சொல்லிக் கேட்டேன். இப்போதே சாப்பிடுகிறேன் என்றேன்.

"வோணாம்," என்றாள். "எனக்கோசரம் துன்னாத."

மறுநாள் அண்ணி பால் ஊற்றப் போயிருந்தபோது நானே அந்த அடுப்பைப் பற்றவைத்தேன். குழாயின் திருகைத் திறந்ததும் சற்று நாற்றம் வந்தது; நெருப்புக்குச்சியைக் காட்டியதும் 'டப்' என்று பிடித்தது, நாற்றம் போய்விட்டது.  மாவில் தேங்காயைத் துருவிப் போட்டு, எங்கள் லயத்து ரொட்டி தட்டினேன். நான் ஊரில் ரொட்டி சுடும்போது மிலாறுப் புகையில் பாதி நேரம் கண்ணை மூடிக்கொண்டுதான் நிற்பேன். இங்கே ரொட்டியின் விளிம்பு சிவப்பதைக் கண் திறந்து பார்த்தேன். அம்மா ஒருநாளும் இப்படிப் பார்த்திருக்க மாட்டாள். முதல் ரொட்டியைப் பிட்டு வாயில் போட்டேன். தேங்காய் ரொட்டி போலவே இருந்தது. வேறு எப்படி இருக்கும் என்று எதிர்பார்த்தேனோ, தெரியவில்லை.

மிச்சத்தை ஒரு தூக்கில் வைத்துக்கொண்டு சிட்லபாக்கம் ஏரிக்கரையோடு நடந்து எஸ்தர் டீச்சர் வீட்டுக்குப் போனேன். அந்த அமைதியான தெருவில் என் செருப்புச் சத்தம் எனக்கே கேட்டது. டீச்சர் நாற்காலி போட்டார். தோட்டத்துப் பள்ளியில் நானும் ஆசிரியை என்று சொல்லிக்கொள்ள எத்தனை ஆசைப்பட்டிருப்பேன், வேறொரு நாளாக இருந்தால். உட்காராமல் சொன்னேன்:

"அந்தப் படிச்ச பொண்ணு நான்தாங்க டீச்சர். டாக்டர் இல்லை. கிருமி விஷயம் எந்தப் புத்தகத்திலும் இல்லை. அண்ணி வீட்டில் ஒரு வாய்கூடச் சாப்பிடாமல் சொன்னேன்."

டீச்சர் என் கையிலிருந்த தூக்கைப் பார்த்தார். "இப்ப சாப்பிட்டியா?"

"இன்னைக்குக் காலையில. இதோ, அதே அடுப்பில் செஞ்சது."

"ஒரு தடவை சாப்பிட்டுட்டு நல்லதுன்னு சொல்ல வந்திருக்க," என்றார். கேலியாகச் சொல்லவில்லை; அதனால் இன்னும் கூசியது. "நான் நம்புறேன்மா. ஆனா சம்பந்தி வீட்டுக்காரங்களுக்கு நான் என்னன்னு சொல்ல? சமையல்காரருக்கும் வாக்குக் கொடுத்தாச்சு." தூக்கை மரியாதையாக வாங்கி மேசைமேல் வைத்தார். வீட்டுக்குள்ளிருந்து ஒரு பெண் குரல், "மம்மி, அத உள்ள கொண்டாராதீங்க," என்றது. டீச்சர் காதில் விழாதது போல் எனக்கு மோர் கொடுத்தார்.

திரும்பி வந்து அண்ணியிடம் நடந்ததைச் சொன்னேன். மாட்டுக்குத் தவிடு கலந்துகொண்டிருந்தவள் கேட்டுக்கொண்டாள்.

"போய்ச் சொன்னியே, அது வரைக்கும் நல்லது," என்றாள். பிறகு, கையை உதறிவிட்டு, "நீ ஊருக்குப் பூடுவ சரோசா. அடுத்த வாரமும் பம்பாண்ட நாந்தான் போவணும்," என்றாள்.

கோபமாகச் சொல்லியிருந்தால் அழுது தீர்த்திருப்பேன். குடத்தின் ஓட்டையைக் காட்டுவது போல் சாதாரணமாகச் சொன்னாள். அம்மாவுக்குச் சொல்ல என்னிடம் அண்ணியைப் பற்றி நிறைய இருந்தது. என்னைப் பற்றி என்ன சொல்வது என்றுதான் தெரியவில்லை.

அன்றிலிருந்து ஊருக்குக் கிளம்பும்வரை தண்ணீருக்கு நானே போனேன். முதல் காலையில் குடத்தை வரிசையின் கடைசியில் வைத்துவிட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்: சாப்பிட்டேன், நன்றாக இருக்கிறது, நான் சொன்ன கிருமிக் கதை பொய்.

வள்ளியம்மா சிரித்தாள். "அண்ணி போட்ட போடுல ரூட்டு மாத்திக்கிச்சிபா சிலோனு!" மற்றவர்களும் சிரித்தார்கள். பொய்யைச் சொன்னபோது வாயைப் பார்த்துக் கேட்டவர்கள், உண்மையைச் சொன்னபோது குடத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். மறுநாளும் சொன்னேன். அதற்கடுத்த நாளும். சாணிச் சோறு என்ற பெயர் மட்டும் அசையவில்லை; அவ்வளவு நன்றாக வைத்துவிட்டேன்.

நான் கிளம்புவதற்கு முன்பு கடைசியாகத் தண்ணீருக்குப் போன காலையில் கூட்டம் கலைந்துவிட்டிருந்தது. இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் மட்டும் நின்றாள். என் வயதுதான் இருக்கும். கண்கள் இரண்டும் சிவந்து, இமை வீங்கியிருந்தன.

"ஏன்க்கா," என்றாள் மெதுவாக. "நெசமாவே பொகையே வராதா?"

"வராது. நான் சமைச்சேன்."

"எங்க வூட்லயும் ரெண்டு மாடு கீது. அது போதுமா? டிரம்மு வெடிக்குமாமே? மழையில இன்னா பண்ணுவாங்க?"

மூன்று கேள்விகளுக்கும் என் வாயில் மூன்று பதில்கள் தயாராக வந்து நின்றன. தெளிவான உச்சரிப்போடு, வகுப்பில் சொல்வது போல. அவள் நம்பியிருப்பாள்.

"எனக்குத் தெரியாது," என்றேன். சொல்லும்போது நாக்கு கூசியது. "எங்க அண்ணிக்குத் தெரியும். வாங்க, கேட்போம்."

அவள் தெருவின் இரு பக்கமும் பார்த்தாள். பிறகு குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, "நீ முன்னால போக்கா, நான் பின்னால வரேன்," என்றாள்.